நாற்பத்தோராம் பக்கம்

நாவல் திரும்பி வந்துவிட்டது,
தெசலோனிகியிலிருந்து வரும் பேருந்தில்,
இரண்டு டின் ஆலிவ் எண்ணெய்க்கும்
என் மகனுக்கு வாங்கிய காலணிக்கும் நடுவே.
குத்தாயிசி நிலையத்தில்
டிரைவரிடம் பத்து லாரி கொடுத்து மூட்டையை வாங்கினேன்.
கடிதம் இல்லை.

பக்கத்துக்குப் பக்கம் பென்சில்.
தடுப்பூசி அட்டைகளில் குழந்தைகளின் பெயரெழுதிய
அதே கையெழுத்து,
நோயாளிக்கும் புரிய வேண்டும் என்பது போல.

'பக்கம் 7: அந்தக் கோட்டு பச்சை இல்லை. சாம்பல்.
உன் அத்தையினுடையது. திருப்பிக் கொடுக்கவே இல்லை.'

'பக்கம் 18: கரண்டு இல்லாத அந்தக் குளிர்காலம் முழுக்க
பட்டினி என்கிறாய்.
மண்ணெண்ணெய் அடுப்பில் மக்காரோனி வெந்தது.
இரண்டு தட்டு தின்றாய்.'

'பக்கம் 26: அடித்தேன். ஒரு முறை.
நீ மூன்று என்கிறாய்.'
மூன்று என்றால்தான் கதை நகரும், அம்மா.

சிறுமிக்கு நான் வைத்த பெயரை
எல்லா இடத்திலும் அடித்துவிட்டு
தெக்லே, தெக்லே என்று எழுதியிருக்கிறாள்.
தாய்க்கு நான் வைத்த பெயரை
அப்படியே விட்டிருக்கிறாள்.

'பக்கம் 203: என்னைக் கொன்றிருக்கிறாய். பரவாயில்லை.
ஆனால் நிமோனியாவுக்கு அந்த மருந்து கொடுக்கமாட்டார்கள்.'

நான் படித்து வளர்ந்த பெண்களின் நாவல்களில்
அம்மா முதல் அத்தியாயத்துக்கு முன்பே செத்திருப்பாள்,
அல்லது தலைவலியோடு கதவைச் சாத்திக்கொண்டிருப்பாள்,
அல்லது மகளின் சடையை
வலிக்க வலிக்கப் பின்னுவாள்.
எழுதியவளின் அம்மா
எந்த அடுக்களையில் நின்று அதைப் படித்தாள்,
படித்த பிறகு அடுப்பை மூட்டினாளா என்று
எந்த முன்னுரையிலும் இல்லை.

எங்கள் மொழியில்
ஒரு பாடத்தின் சாரத்தைத் தாய்க்கருத்து என்போம்.
பள்ளியில் கேட்பார்கள், பரீட்சையில் கேட்பார்கள்,
திபிலிசியில் வெளியீட்டு விழாவிலும் ஒருத்தி எழுந்து கேட்டாள்:
உங்கள் நாவலின் தாய்க்கருத்து என்ன?
'இல்லாமை' என்றேன்.
கை தட்டினார்கள்.
அந்த நேரத்துக்கு அவள்
மூன்றாம் மாடி ஃபிளாட்டில்
திருமதி எவ்தோகியாவை
இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்திருப்பாள்.
இரண்டு மணிக்கொரு தரம் திருப்ப வேண்டும்,
இல்லையென்றால் முதுகில் புண் வரும்.

இனி 41.
விடியாத காலை, முற்றத்தில் மினிபஸ்,
மகளை எழுப்பாமலே போகிறாள் தாய்.
விமர்சகர்கள் எல்லோரும் எடுத்துக்காட்டிய பத்தி.
அதன் ஓரத்தில்
எழுதி, அழித்து, எழுதி, அழித்து
தாள் வெங்காயத் தோலாகிவிட்டது.
கடைசியாக நின்றது இது:

'எழுப்பினேன். நீ விழித்துத்தான் இருந்தாய்.
பதினேழு வருடம் ராத்திரி டியூட்டி பார்த்தவளுக்கு
தூங்குகிற இமை எது என்று தெரியும்.
பஸ் நின்றுகொண்டிருந்தது.
நானும் நம்பிவிட்டேன் என்று எழுதிக்கொள்.'

கணவனிடம் சொன்னதில்லை.
பதிப்பாசிரியரிடம் சொன்னதில்லை.
அந்த வாக்கியத்தைப் பதினோரு தடவை திருத்தி எழுதினேன்,
அதற்கும் தெரியாது.

இரண்டாம் பதிப்புக்குத் திருத்தங்கள்
வெள்ளிக்குள் வேண்டுமாம்.
கோட்டைச் சாம்பலாக்கினேன்.
மருந்தை எடுத்துவிட்டேன்.
மக்காரோனியைச் சேர்த்தேன், ஒரு தட்டு.
41 என்று எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல்,
எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

ஞாயிறு போன் வந்தது.
காலணி சரியாக இருக்கிறதா என்று கேட்டாள்.
கொஞ்சம் பெரிசு.
வளருவான். அதுவரை நுனியில் காகிதம் திணி.
என்னிடம் காகிதத்துக்கா பஞ்சம், என்றேன்.
சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.
லைன் சரியில்லை.